எல்லோருக்கும் ஒரே வியாதி

மற்ற டாக்டர்களைத் தேடி ஜனங்கள் போவார்கள். சமூக மருத்துவத் துறைக்காரன் மட்டும்தான் ஜனங்களைத் தேடிப் போய், வீட்டில் ஆள் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறவன். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையின் இணைப் பேராசிரியர். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் "நீங்க எதுக்கு டாக்டர்?" என்று கேட்பார். கண்ணுக்கா, காதுக்கா, எலும்புக்கா என்பது அதன் பொருள். நான் விளக்கி முடிப்பதற்குள் மோர் வந்துவிடும்.

உங்களில் யாராவது கல்லூரியிலோ ஆபீசிலோ ஒரு துறைத் தலைவருக்குக் கீழே காலம் தள்ளியிருந்தால் மேற்கொண்டு படிக்கலாம், நாம் உறவுக்காரர்கள். துறைத் தலைவர்களும் படிக்கலாம். அவர்களுக்குச் சிரிக்க அதிகம் கிடைக்காது.

எங்கள் துறைக்கு மரக்காணத்தில் உப்பளங்களின் ஓரமாக ஒரு கிராம சுகாதார மையம் இருந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு வேப்பங்கன்று. அந்தக் கன்று உப்புக் காற்றில் வளரவும் இல்லை, சாகவும் இல்லை. பழைய தலைவர் ஓய்வுபெற்றதும் டாக்டர் ஜெசிந்தா வந்தார். சென்னையில் பெரிய கல்லூரியில் இருந்தவர். இந்த மையத்துக்காகவே எங்கள் கல்லூரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவர் சேர்ந்த அன்றே டீன் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த கோடையில் அரசு ஆய்வாளர் வருவார். மையத்தில் நோயாளிகள் இருந்தால் மையம் இருக்கும். இல்லாவிட்டால் நிர்வாகம் அதை மூடிவிட்டு, குயிலாப்பாளையம் பக்கம் விருந்தினர் விடுதிகளுக்கு நடுவே நல்ல கட்டடமாகப் பார்த்துப் பெயர்ப்பலகையை மாட்டிவிடும். "எல்லாரையும் சேத்துக்கிட்டு செஞ்சா காப்பாத்திடலாம் சார்" என்றார் ஜெசிந்தா. எல்லோரையும் சேர்த்துக்கொள்வது அவருடைய வழி. அந்த வழியில் நடந்தவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

வட்டத்தில் முதல் நாற்காலி

எங்கள் கூட்ட அறையில் நீளமான மேஜை ஒன்று இருந்தது. தலைமாட்டில் தலைவர், பக்கங்களில் பணிமூப்புப்படி ஆசிரியர்கள், கால்மாட்டில் பட்டமேற்படிப்பு மாணவர்கள். களப்பணி நர்ஸ் கலைவாணியும் ஜீப் டிரைவர் செல்வராஜும் கதவுக்கு வெளியே. ஜெசிந்தா வந்த வாரமே மேஜையை வராந்தாவுக்குத் தள்ளச் சொல்லி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். "இங்க பெரியவங்க சின்னவங்க கிடையாது. எல்லாரும் பேசலாம், எல்லாருமா சேந்து முடிவு பண்ணலாம்" என்றார். கலைவாணியையும் செல்வராஜையும் உள்ளே கூப்பிட்டார்.

வட்டத்துக்கு முனை கிடையாது என்பது வடிவியல். முனை இல்லாத இடத்திலும் மரியாதை தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதை அன்று கற்றேன். கொஞ்ச நேரம் யாருமே உட்காரவில்லை. அவர் எங்கே உட்காருகிறார் என்று பார்த்துக்கொண்டு, அவருக்கு இடப்பக்கத்தில் தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில், ஒருவர்கூடப் பிசகாமல் பணிமூப்புப்படி உட்கார்ந்தோம். முதலாமாண்டு மாணவி ஒருத்தி சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தலைவருக்கு வலது கைப்பக்கமாக அமர நேர்ந்தது. பயந்துபோய் நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டாள். வட்டம் அந்த இடத்தில் கொஞ்சம் நசுங்கியது.

செல்வராஜ் ஒரு ஸ்டூலைக் கதவோரம் போட்டு உட்கார்ந்தார். உள்ளே வரும்படி ஜெசிந்தா இரண்டு தடவை கூப்பிட்டார். செல்வராஜ் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நான் இங்கியே இருக்கேன் மேடம். இங்கேர்ந்து பாத்தா வட்டம் நல்லா தெரியுது."

கருத்துக் கேட்டல்

பழைய தலைவர் எங்களிடம் கருத்தே கேட்டதில்லை என்று சொன்னால் அது அபாண்டம். கேட்பார். முதலில் தன் கருத்தைச் சொல்லுவார், பிறகு "என்ன சொல்றீங்க?" என்பார். எங்களுக்கு அது பழகிவிட்டது. ஜெசிந்தா இந்த வரிசையை மாற்றினார். அவர் தன் கருத்தைச் சொல்லாமலே எங்களிடம் கேட்டார். மையத்துக்கு வாரத்தில் எந்தெந்த நாள் போகலாம்? யார் யார் போகலாம்? வட்டத்தில் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். விடை தெரியாத மாணவன் ஆசிரியர் முகத்தில் விடையைத் தேடுவானே, அப்படி அவர் முகத்தைத் துழாவினோம். அந்த அம்மாளின் முகம் எந்த உதவியும் செய்யவில்லை.

பேராசிரியர் ஒருவர் "செவ்வாய்..." என்று ஆரம்பித்து, ஜெசிந்தாவின் புருவத்தைக் கவனித்து, "...இல்லாத ஒரு நாள்" என்று முடித்தார். கடைசியில் கலைவாணி எழுந்தாள். பயமில்லாத பெண், கொரோனா காலத்தில் ஊர் ஊராக ஊசியோடு அலைந்து, எல்லா வகை மறுப்பையும் கேட்டவள். எங்கள் அனைவர் சார்பிலும் அவள் சொன்னாள்: "உங்க கருத்து என்னன்னு முதல்ல சொல்லிடுங்க மேடம். எங்க கருத்தும் அதுதான்."

எல்லோரும் அட்மின்

துறைக்கு ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினார் ஜெசிந்தா. அதில் எல்லோருமே அட்மின். அதிகாரப் பகிர்வுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் அரசியல் விஞ்ஞானத்தில் கிடைக்காது. முதல் வாரம் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்தன. இரண்டாம் வாரம் குழுவின் பெயரை ஆளுக்கொரு தடவை மாற்றினார்கள். நான் எழுத்துப்பிழைகளைத் திருத்தி வந்தேன். மூன்றாம் வாரம் ஒரு காலை எழுந்து பார்த்தால் நான் குழுவில் இல்லை.

எல்லோரும் அட்மின் என்பதால் யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை. கலைவாணியிடம் விசாரித்தேன். அவள் போனைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்: "ஒரே ஒருத்தர்தான் சார் உங்களைத் தூக்குனது. ஆனா யாரும் ஆட்சேபிக்கல."

மூன்று கார்

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சரும நோய் உண்டு. வெள்ளை வெளேரென்ற தரையில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் கண் நோய் உண்டு. தண்ணீர் போதாமல் சிறுநீரகத்தில் கல் உண்டு. இந்த மூன்று துறைகளையும் மையத்துக்கு அழைத்து வருவது ஜெசிந்தாவின் திட்டம். மூன்று துறைத் தலைவர்களும் முகம் மலர ஒப்புக்கொண்டார்கள். மருத்துவக் கல்லூரியில் ஒரு துறை இன்னொரு துறைக்குள் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அதனால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சிக்கல் ஜீப்பில் இருந்தது. ஜீப்பில் முன் இருக்கை ஒன்றுதான். தலைவர்கள் மூவர். எங்கள் தொழிலில் பேராசிரியர் பின் இருக்கையில் உட்காருவது, அறுவை சிகிச்சைக்காகப் படுக்க வைத்துக் கொண்டுபோகும்போது மட்டும்தான். முறை வைத்து மாறி மாறி உட்காரலாம் என்று ஜெசிந்தா சொல்ல, முதல் முறை யாருக்கு என்று பேச்சு வந்தது. கடைசியில் மூவரும் தத்தம் காரில் வந்தார்கள். நடுவில் நாங்கள் ஜீப்பில்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்து மண் பாதையில் மூன்று கார்களும் ஒரு ஜீப்பும் வரிசையாக, விளக்குப் போட்டுக்கொண்டு, புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியதை, உப்புப் பாத்தியில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அஞ்சலை என்ற பெண் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அந்தப் பக்கம் கூலிப் பேச்சு, கோயில் வரி, சண்டை சமாதானம் எதுவானாலும் முன்னால் நிற்பவள் அவள்தான். மூச்சு வாங்க என்னிடம் கேட்டாள்: "இன்னா சார் இது, மூணு காரு வருது. எங்க ஆளு யாருனா செத்துட்டாங்களா, எங்களுக்கே தெரியாம?"

உப்புக் குவியலின் நிழல்

டாக்டர்கள் வந்தார்கள், நோயாளிகள் வரவில்லை. ஜெசிந்தா "அவங்களையே கேப்போம்" என்றார். கூட்டத்தை மையத்தில் வைக்காமல் உப்பளத்திலேயே வைத்தார். உப்பளத்தில் மரம் கிடையாது. கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியலின் நிழல்தான் நிழல். அதில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். நிழல் நீள்சதுரமாக இருந்ததால் வட்டம் சரியாக அமையவில்லை. நான் சுட்டிக்காட்டினேன், யாரும் பொருட்படுத்தவில்லை.

ஜெசிந்தா எதைக் கேட்டாலும் "சரிங்க" என்றார்கள். காலையில் மையம் திறக்கலாமா? சரிங்க. ராத்திரி திறக்கலாமா? அதுவும் சரிங்க. டாக்டர் முன்னால் மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்பது அவர்கள் எண்ணம். மூன்று வாரம் இப்படியே போனது. அந்த அம்மாள் சளைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் வந்து தரையில் உட்கார்ந்தார். "சரிங்க சொன்னா நான் எழுதிக்க மாட்டேன். வேணாம்னு எதையாவது சொல்லுங்க, அதை எழுதிக்கறேன்" என்றார். நான்காவது வாரம் ஒரு கிழவர் டீ வேண்டாம் என்றார். அதிலிருந்து தொடங்கியது.

விடிவதற்கு முன்பே அவர்கள் பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறி, பகல் சாப்பாட்டுக்கு மேல்தான் கரையேறுகிறார்கள். மையம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. இத்தனை காலம் நோயாளி வரவில்லை, விழிப்புணர்வு இல்லை என்று நாங்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றினார் ஜெசிந்தா. ஒரே மாதத்தில் கூடம் நிறைந்தது. நிஜ நோயாளிகள், நிஜ நோய்கள். அஞ்சலையே நெடுநாள் இடுப்பு வலியைக் காட்ட வந்தாள். ஸ்கேனில் கல் தெரிந்தது, மருந்து தொடங்கியது. இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நாங்க வேலையில இருக்கும்போது தொறந்து வைக்கிறீங்க, நாங்க வர்ற நேரத்துக்குப் பூட்டிட்டுப் போறீங்க. சரி, இதுவும் ஒரு பேங்குதான் போலன்னு விட்டுட்டோம்."

பெஞ்சு நிறைய நேர்மை

கோடை வந்தது. உப்பு வாரும் உச்சப் பருவமும் ஆய்வும் சேர்ந்தே வந்தன. அந்த மாதங்களில் உப்பளத்துக்காரன் காய்ச்சலோடும் பாத்தியில் நிற்பான். வருஷக் கூலியில் பாதி அப்போதுதான் கிடைக்கும். ஆகவே கூடம் மறுபடி காலியாகத் தொடங்கியது. இந்த மாதிரி சமயங்களுக்குப் பழைய தலைவரிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. ஆய்வு நாளில் ஒரு வேன் இடையஞ்சாவடி, அக்கம்பக்கம் என்று சுற்றிவிட்டு வரும். இறங்குகிறவர்களுக்குக் காலையில் பொங்கல் வடை, மதியம் பிரியாணி. நடுவில் அவர்கள் நோயாளிகள். உறவுக்காரர்களே, இதைப் படித்துவிட்டு யாரும் அதிர்ச்சி அடைந்ததாக நடிக்க வேண்டாம்.

ஜெசிந்தா அந்தக் கேள்வியையும் வட்டத்தில் வைத்தார். வேன் வேண்டுமா, வேண்டாமா? அதிசயமாக, அவர் முகத்தைப் பார்க்காமலே எல்லோரும் வேண்டாம் என்றோம். கதவோரத்து ஸ்டூலிலிருந்து செல்வராஜும் "வேணாம் மேடம்" என்றார். வேன் ஓட்டி வந்தவர் அவர்தான். எனக்கு அன்று இந்தத் துறையில் சேர்ந்ததற்காகப் பெருமையாக இருந்தது. ஜெசிந்தா அதோடு நிற்கவில்லை. உப்பளத்துக்குப் போய் அவர்களிடமும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஆய்வு வருகிறது, கூடம் காலியாக இருந்தால் மையத்தை மூடிவிடலாம், ஆனாலும் உடம்பு நன்றாக இருப்பவர்கள் வரக் கூடாது, முடியாதவர்கள் எப்போதும்போல வாருங்கள். அவர்கள் "சரிங்க" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் யோசித்திருக்கலாம். அவருக்கும் தோன்றவில்லை, கூடப் போயிருந்த எனக்கும் தோன்றவில்லை.

வேன் வேண்டாம் என்று டீனிடம் சொல்லப் போனபோது நானும் உடன் போனேன். டீன் கெட்டவர் இல்லை. நிர்வாகத்துக்கும் எங்களுக்கும் நடுவே நசுங்குகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நேர்மையா இருங்க டாக்டர், வேணாங்கல. ஆனா பெஞ்சு நிறைய நேர்மையா இருங்க."

கால் எரிச்சல்

ஆய்வு அன்று நாங்கள் பிற்பகலில் மையத்துக்குப் போனபோது உள்ளே நுழைய இடமில்லை. கூடம், வராந்தா, வேப்பங்கன்றைச் சுற்றி, எங்கும் ஜனங்கள். குளித்து, தலை வாரி, பூ வைத்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். வழியில் பார்த்தேன், உப்பளத்தில் ஓர் ஆள் இல்லை. உச்சப் பருவத்தில் உப்பு பாத்தியிலேயே கிடந்தது. ஜெசிந்தா ஜீப்பிலிருந்து இறங்கி அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். நான் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

ஆய்வாளர் வேறு மாவட்டத்திலிருந்து வந்த மூத்த பேராசிரியர். பெஞ்சின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். "உங்களுக்கு என்னம்மா?" கால் எரிச்சல் என்றாள் ஒருத்தி. எப்போதிலிருந்து? பொங்கலிலிருந்து. அடுத்தவருக்கு? கால் எரிச்சல், பொங்கலிலிருந்து. அதற்கடுத்தவருக்கும் அதே. பெஞ்சு முடிந்து அடுத்த பெஞ்சு. அதே எரிச்சல், அதே பொங்கல். கிழவரும் குமரியும் ஒரே மாதிரி குனிந்து இடது பாதத்தைத் தொட்டுக் காட்டினார்கள். ஆய்வாளர் கேட்பதை நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகும் வரிசையில் இருந்தவர்கள், கேட்காமலே, ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நடுவில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வலி அதிகம் என்பது அவள் உட்கார்ந்த கோணலிலேயே தெரிந்தது. அவளும் கால் எரிச்சல் என்றாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்து, "உனக்கு இடுப்பில கல்லுதானே, அதைச் சொல்லேன்" என்று கெஞ்சினேன். அவள் என்னைக் கொஞ்சம் கண்டிப்பாகவே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அது என் சொந்த வியாதி சார். இன்னிக்கு எல்லாருக்கும் ஒரே வியாதின்னு பேசி முடிச்சிட்டோம்."

ஒத்திகை

எப்படிப் பேசி முடித்தார்கள் என்று அஞ்சலையே ஆய்வாளருக்கு விளக்கினாள். கூலிப் பேச்சில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குத்தகைக்காரரிடம் போகும் முன் ஒரே பேச்சாகப் பேசிக்கொள்வார்கள். கேட்டால் எல்லோரும் அதையே, அந்த வார்த்தைகளிலேயே சொல்ல வேண்டும். ஒருவன் மாற்றிச் சொன்னால் பேரம் உடைந்தது. ஆளுக்கொரு வியாதி சொன்னால் குழப்பம் வரும், யாராவது உளறுவார்கள். கால் எரிச்சல் என்றால் உப்புத் தண்ணீரில் நிற்கிற எல்லோருக்கும் இருக்கிறது, பொய்யும் ஆகாது. இது அவர்கள் கணக்கு. நான் பின்னால் சரிபார்த்தேன். அந்தக் கூடத்தில் கால் எரியாதவர்கள் ஆய்வாளரும் நாங்களும்தான். அவர்கள் ஊரில் அதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். அன்று ஜெசிந்தாவுக்காக வியாதி என்று சொன்னார்கள்.

"யாரும்மா இப்படிச் சொல்லச் சொன்னது?" என்று ஆய்வாளர் கேட்டார். அஞ்சலை பெருமையோடு ஜெசிந்தாவைக் காட்டினாள். "யாரும் சொல்லல சார். மேடம் கத்துக்குடுத்த மாதிரி வட்டமா உக்காந்து, எல்லாருமா சேந்து முடிவு பண்ணோம்" என்றாள். ஜெசிந்தா வாயைத் திறந்தார். தனக்குத் தெரியாது என்று சொல்லவும் சொன்னார். எல்லாக் கல்லூரியிலும் எல்லாத் தலைவர்களும் சொல்கிற வாக்கியம் அது. அவர் வாயிலும் அது அப்படியேதான் ஒலித்தது. ஆய்வாளர் கோபப்படவில்லை. பேனாவை மூடிக்கொண்டு, கிட்டத்தட்ட வியப்போடு சொன்னார்: "வாடகை நோயாளிகளை நிறையப் பாத்திருக்கேன் டாக்டர். ஒத்திகை பாத்த நோயாளிகளை இப்பத்தான் பாக்கறேன்."

விளக்கம்

நான் டீனிடம் போய் நடந்ததை முதலிலிருந்து விளக்கினேன். கூலிப் பேச்சு வழக்கம், பாத்தியில் கிடந்த உப்பு, அஞ்சலையின் ஸ்கேன், வேனை மறுத்த கூட்டம், எல்லாவற்றையும் முறைப்படுத்திச் சொன்னேன். அடிக்குறிப்பு வேண்டிய இடங்களில் வாயாலேயே அடிக்குறிப்பும் கொடுத்தேன். வட்டத்தில் உட்கார்ந்த மற்றவர்களும் வந்து ஜெசிந்தாவுக்காகப் பேசினார்கள். செல்வராஜ் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜெசிந்தா தப்ப ஒரு வழி இருந்தது. உப்பளத்துக்காரர்கள் தாங்களாகவே ஏமாற்றினார்கள் என்று எழுதித் தந்தால் போதும் என்றது நிர்வாகம். எழுதினால் அவர்கள் பெயர் கல்லூரி ஆஸ்பத்திரியின் இலவச வைத்தியப் பட்டியலிலிருந்து போகும். அவர் எழுத மறுத்தார். "அவங்க ஏமாத்தல சார். நான் சொன்னதைக் கேட்டாங்க" என்று டீனிடம் சொல்லிவிட்டு வந்தார். ஆய்வறிக்கையில் ஒத்திகை நடத்தியவராக அவர் பெயரே நின்றது. அறிக்கையில் பெயர் வந்த தலைவரை எந்தக் கல்லூரியும் வைத்துக்கொள்வதில்லை. என்னால் பொறுக்க முடியாமல் டீனிடம் மறுபடி போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, களைத்த குரலில் சொன்னார்: "நீங்க சொல்றது அவ்வளவும் உண்மைன்னு எனக்குத் தெரியுது சார். உண்மையா இருக்கறதாலதான் இவ்வளவு நேரம் ஆகுது. நிர்வாகத்துக்கு அவ்வளவு நேரம் இல்ல."

விடைபெறுதல்

ராஜினாமாக் கடிதம் கொடுத்த பின் ஜெசிந்தா உப்பளத்துக்குப் போக வேண்டும் என்றார். செல்வராஜ் ஜீப்பை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். மையத்தின் பெயர்ப்பலகையை அதற்குள் கழற்றியிருந்தார்கள். வழியில் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அவங்களாலதான் இப்படி ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாம் சார். நீங்க வாயைத் திறக்காதீங்க." என் வாழ்க்கையில் ஒரு விளக்கத்தை முழுவதுமாக உள்ளேயே வைத்துக்கொண்ட நாள் அது.

அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆய்வு நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டார்கள். ஜெசிந்தா, தனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, மையம் கொஞ்ச நாள் மூடியிருக்கும், மருந்துக்குக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போங்கள், இலவசம்தான் என்றார். வேறு ஊரில் அவருக்கு வேலை எதுவும் கிடைத்திருக்கவில்லை. அஞ்சலையிடம், தண்ணீரைக் குறைக்காதே, இடுப்பு வலியை மறைக்காதே என்று இரண்டு தடவை சொன்னார். அஞ்சலை அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா போவல. உங்கள அனுப்பறாங்க" என்றாள். ஜெசிந்தா இல்லை என்று தலையசைத்தார். அஞ்சலை திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். பலகைகளைக் கீழே வைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே, அந்த வெயிலில், ஈர மண்ணில் வட்டமாக உட்காரத் தொடங்கினார்கள். ஜெசிந்தா "வேணாம், எழுந்திருங்க, வேணாம்" என்று கையை நீட்டினார். அஞ்சலை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, தைரியம் சொல்லும் குரலில் சொன்னாள்: "பயப்படாதீங்க மேடம், அந்த டீன்கிட்ட நாங்க எல்லாருமா வர்றோம். இன்னா சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க, ஒருத்தர்கூட மாத்திச் சொல்ல மாட்டோம்."

ஒரு துறைத் தலைவர் காட்டிய வழியை ஓர் ஊரே மனசாரப் பின்பற்றியதை என் பணிக்காலத்தில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன், அந்தக் குற்றத்துக்காகத்தான் அவர் வேலையை விட்டுப் போக வேண்டியிருந்தது.